ஒரு வாட்டுக்கும் கீழே

புன்னைமுனைக் கடற்கரையில், வயர்லெஸ் பெட்டியில் சக்தியைக் கூட்டிப் பேசியவர்களின் குரல் துறைமுகச் சுவரைத் தாண்டாமல் விழவும், குறைத்துப் பேசியவர்களின் குரல் கடல் கடந்து போகவும் தொடங்கியது ஐப்பசி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை மணிக்கு, மீன் ஏலம் முடிந்து கூடத்தைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்த நேரத்தில். அதை முதலில் கண்டது டெல்பின். ஏலக்கூடத்துக்குப் பின்னால் ஒற்றை அறையில், படகுகளின் வயர்லெஸ் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தாள் அவள். கடையின் கூரைமேல் நின்ற உயரமான கம்பம் மீனவர் சங்கத்துடையது என்பதால், கரையிலிருந்து படகுகளோடு பேசும் பெட்டியும் அவள் பொறுப்பிலேயே இருந்தது. அன்று சரிசெய்த ஒரு பெட்டியை மூடுவதற்கு முன்னால், அதை ஒரு வாட்டில் வைத்து, “புன்னைமுனை, புன்னைமுனை, சோதனை” என்றாள். ஒரு வாட் என்பது துறைமுக வாய்வரைக்கும் போனால் பெரிது. பதில் மாலத்தீவுக்கு அப்பாலிருந்து வந்தது.

“யக்கா, யாரு நீங்க?” என்றது ஒரு ஆண் குரல். “நான் சரக்குக் கப்பல்ல சமையக்காரன். சொந்த ஊரு தொண்டிப் பக்கம். கேப்டனுக்கு டீ கொண்டாந்தேன், ஒரு வாட்டுல வச்சிருந்த பெட்டியில தமிழ் கேட்டுச்சு. மாலத்தீவத் தாண்டி ரெண்டு நாளாச்சுக்கா. தோள்ல கைவச்சுப் பேசுற மாதிரி கேக்குது.”

டெல்பின் ஊர்ப் பெயரைச் சொன்னாள். அங்கே மழையா என்று கேட்டாள். இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்டாள். கோழிக்குழம்பு என்று அவன் சொன்னதும் நல்லது என்றாள். பிறகு பெட்டியின் கடைசித் திருகாணியை முடுக்கிவிட்டு, மற்றப் பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தாள். எல்லாம் அப்படித்தான் இருந்தன. ஒரு வாட்டில் பேசினால் கொச்சி கேட்டது, கொழும்பு கேட்டது. இருபத்தைந்து வாட்டில் பேசினால் எதிரே ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவனின் பெட்டிகூடக் கேட்கவில்லை.

அதுவரைக்கும் அந்தக் கடலில் நடந்துகொண்டிருந்தது ஒரு சத்தப் போட்டி. எல்லாப் படகிலும் இருபத்தைந்து வாட் பெட்டி உண்டு. தான் பேசுவது மற்றவர்களுக்குக் கேட்கவில்லை என்று ஒருவன் திருட்டுத்தனமாகச் சக்தியைக் கூட்டும் ஐம்பது வாட் பூஸ்டர் பூட்டினான், அவன் சத்தத்தில் தன் சத்தம் அமுங்கியது என்று அடுத்தவன் எண்பது பூட்டினான், அதற்கடுத்தவன் நூறு பூட்டினான், கடைசியில் எல்லாரும் எல்லாருக்கும் மேலே கத்தி, ஒருவர் சொல்வது ஒருவருக்கும் புரியாத இரைச்சலாகக் கிடந்தது கடல். இப்போது ஒரே காலையில் அது ஓய்ந்துபோயிற்று.

ஊர் இதை ஏற்றுக்கொள்ள நான்கு நாள் ஆனது. முதல் நாள் எல்லாரும் டெல்பினைத் திட்டினார்கள், அவள்தான் எதையோ மாற்றிவிட்டாள் என்று. இரண்டாம் நாள் பங்குச்சாமியார் கடைக்கு வந்து, கோயில் ஒலிபெருக்கியும் இப்படி ஆகிவிடுமா என்று கவலையோடு கேட்டார்; அது வேறு விஷயம் என்று அவள் சொன்னபோது அவர் முகத்தில் நிம்மதியா ஏமாற்றமா என்று சொல்ல முடியாத ஒன்று தெரிந்தது. மூன்றாம் நாள் ஒருவன் பூஸ்டரைக் கழற்றினான். நான்காம் நாள் எல்லாரும் கழற்றினார்கள். கழற்றிய பூஸ்டர்களைக் கருவாடு காயும் வலைமேல் காற்றுக்குப் பறக்காமல் வைத்தார்கள். ஒரு வீட்டில் அதன் தகரப் பெட்டிக்குள் கோழி அடைவைத்தார்கள், பதினொரு குஞ்சு பொரித்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் விளையாட்டு வாக்கிடாக்கிகள் லட்சத்தீவுவரை கேட்பதாகத் தகவல் வந்ததும், தலைமையாசிரியை அவற்றையெல்லாம் வாங்கி அலமாரியில் பூட்டினாள். தலைநகரிலிருந்து ஓர் அதிகாரி அளவுக்கருவிகளோடு வந்து நான்கு நாள் தங்கினார். கம்பத்தில் ஏறினார், இறங்கினார், கருவிகள் யாவும் சரியாக இயங்குகின்றன என்று எழுதிக் கையெழுத்திட்டார், போகும்போது பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரனிடம்கூடக் காதோடு பேசிக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பிறகு சங்கத்தில் கூடி ஒரு விதியும் போட்டார்கள்: சோறு வடித்தாயா, மாடு கறந்தாயா போன்ற பேச்சுகளை யாரும் அரை வாட்டுக்குக் கீழே பேசக் கூடாது, அயல்நாட்டுக் கப்பல்களுக்குத் தொந்தரவு.

ஆனால் கீழே இறங்குவது சொல்வதுபோல் எளிதாக இல்லை. பெட்டியில் இருந்தது ஒரே ஒரு பொத்தான்தான், இருபத்தைந்து அல்லது ஒன்று. அதற்கும் கீழே போக வேண்டும் என்றால் டெல்பினிடம்தான் வர வேண்டும். அவள் மூடியைத் திறந்து, நகத்தளவு இருக்கும் ஒரு திருகியைக் கடுகளவு திருப்புவாள், மீட்டரைப் பார்ப்பாள், மறுபடி திருப்புவாள். சுற்றி நின்று எட்டிப்பார்க்கிறவர்களுக்கு விளக்கவும் செய்வாள்.

“உள்ள ஒரு காவக்காரன் இருக்கான். எவ்வளவு சக்தி வெளிய போவுது, எவ்வளவு போவாம திரும்பி வருதுன்னு பாத்துக்கிட்டே இருப்பான். கூடினா குறைப்பான், குறைஞ்சா கூட்டுவான். நான் அவன்கிட்ட, இதுக்கு மேல விடாதன்னு சொல்லுதேன், அவ்வளவுதான்.”

“அப்போ அலைவரிசை? அது மாறாதா?”

“அதுக்கு இன்னொருத்தன். ஒரு படிகம் இருக்கு, அரிசி அளவுதான், ஒரே சீரா துடிக்கும். அலையைப் போடுத பாகம் அங்கயும் இங்கயும் விலகத்தான் செய்யும். ஒவ்வொரு நொடியும் அதைப் படிகத்தோட ஒத்துப்பாத்து, விலகினா இழுத்து நேராக்கணும். கோயில்ல பாடும்போ ஆர்மோனியத்தைக் கேட்டுக் கேட்டு சுருதி சேக்கோம்லா, அப்படி. ஆனா சூடு பட்டா படிகமே லேசா விலகிரும். முன்னால, கத்தினவன் கொஞ்சம் விலகினாலும் கேட்டுச்சு. மெல்லப் பேசுதவன் சரியான இடத்துல நிக்கணும்.”

இப்படி ஊரிலுள்ள படகுகள் எல்லாம் அரை வாட்டிலும் கால் வாட்டிலும் பேசப் பழகிக்கொண்டபோது, ஒரு படகு மட்டும் பழகவில்லை. அது ‘சலேத் மாதா’ என்ற லாஞ்சு, டெல்பினின் அண்ணன் கஸ்பாருடையது.

கஸ்பாருக்குக் கடலில் இருந்ததிலேயே பெரிய குரல். கரையில் அவன் சிரித்தால் நாய்கள் எழுந்து இடம் மாறிப் படுக்கும். ஆறு வருடத்துக்கு முன்னால், புன்னைமுனையில் முதல் பூஸ்டரைப் பூட்டித் தரச் சொல்லி அவன் தங்கையிடம்தான் வந்தான். “முடியாதுண்ணே. நீ ஐம்பது வாட்டுல பேசினா, பக்கத்துல சின்னப் பெட்டி வச்சிருக்கவன் செத்தாலும் தெரியாது” என்று அவள் மறுத்தாள். அவன் வேறு ஊரில் பூட்டிக்கொண்டு வந்தான். அந்த ஆடி மாதம் டெல்பினின் கணவன் இன்னாசியின் வள்ளம் இன்ஜின் நின்று, பதினைந்து கடல் மைலுக்கு அப்பால் ஒதுங்கிப்போனது. கையடக்கப் பெட்டியின் மின்கலம் தீர்ந்துவிடக் கூடாதென்று, மணிக்கொரு தடவை போட்டு, மூன்று நாள் அவன் கூப்பிட்டான். மூன்று நாளும் அந்த அலைவரிசையில் கஸ்பார் பேசிக்கொண்டிருந்தான்: கணவாய் எங்கே படுகிறது, பங்குத் திருவிழாக் கால்பந்தில் யார் தோற்றார்கள், எவன் மாமியார் எவனைத் துரத்தினாள். பெட்டியைப் போடும்போதெல்லாம் இன்னாசிக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. இன்னாசியை ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் கேரளத்துப் படகு ஒன்று அவன் வீசிய சட்டையைக் கண்டு இழுத்து வந்தது.

கஸ்பார் பார்க்க வந்தான். வாசலிலேயே நின்று, “உயிரோட வந்துட்டாம்லா, பிறகென்ன?” என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனான். அன்றோடு டெல்பின் அவனோடு பேசுவதை விட்டாள். இன்னாசி கடலுக்குப் போவதை விட்டான். வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பிறர் வலைகளின் கிழிசலைப் பொத்திக்கொண்டு, ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசாத மனிதனாக ஆனான். டெல்பின் அந்தப் பத்து வார்த்தைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

மற்றவர்கள் பூஸ்டரைக் கழற்றியபோது கஸ்பார் சொன்னான்: “எங்கொரலைக் குறைக்கச் சொல்லுததுக்கு எவனுக்கு உரிமை இருக்கு? நாலு நாள்ல எல்லாம் பழையபடி ஆயிரும்.” கடலில் அவன் பேசுவது யாருக்கும் கேட்கவில்லை. அது அவனுக்குப் புதிதாகவும் விசித்திரமாகவும் இருந்தது. ஆகவே இன்னும் உரக்கப் பேசினான், நூறு வாட்டை நூற்றைம்பது ஆக்கினான்.

கார்த்திகையில் தெற்கே புயல் சின்னம் உருவானது. செய்தியைக் கால் வாட்டில் டெல்பின் சொன்னாள். எங்கெங்கோ கிடந்த படகுகளெல்லாம் கால் வாட்டில் சரி என்றன, புதன்கிழமை மாலைக்குள் நாற்பத்தோரு படகும் துறைமுகத்துக்குள் வந்து கயிறு கட்டின. நாற்பத்திரண்டாவது வரவில்லை. வியாழக்கிழமை காலையிலிருந்து டெல்பின் அழைத்துக்கொண்டிருந்தாள்: “சலேத் மாதா, சலேத் மாதா, புன்னைமுனை அழைக்கிறது.” சங்கத்துப் புத்தகத்தில் உள்ள முறைப்படி, படகின் பெயரைச் சொல்லி. அண்ணன் பெயரை அவள் சொல்லவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கஸ்பாரின் மனைவி மதலேன் கடைக்கு வந்தாள். ஆறு வருடத்தில் அந்தப் படியை அவள் மிதித்ததில்லை. மழையில் நனைந்து, சேலை முந்தானையைப் பிழியக்கூடத் தோன்றாமல் நின்றாள்.

“டெல்பினு, எட்டு ஆளு. என் தம்பியும் அதுல இருக்கான்.”

“தெரியும் மைனி.”

“அவரு கத்திக்கிட்டேதான் இருப்பாரு. எனக்குத் தெரியும். இப்பவும் அந்தப் பெட்டியைப் பிடிச்சிக்கிட்டுக் கத்திக்கிட்டேதான் இருப்பாரு.”

டெல்பினுக்கும் அது தெரிந்தது. புயலுக்குள் எங்கோ, இன்ஜின் அறைச் சுவரோடு பூட்டிய சூடான பெட்டியின் முன்னால், நூற்றைம்பது வாட்டில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கும் அண்ணனை அவளால் பார்க்க முடிந்தது. அவனுக்கு இவள் பேசுவது கேட்கும். இவளுக்கு அவன் பேசுவது கேட்காது. இன்னாசி இருந்த இடத்தில் இப்போது அவன் இருந்தான். அந்த நினைப்பு வந்ததும் ஒரு கணம் அவளுக்குள் ஏதோ ஒன்று, அப்படித்தான் வேண்டும் என்றது. அவள் அதைக் கேட்டாள், மறைக்கவில்லை, அது சொல்லி முடிக்கும்வரை இருந்தாள். பிறகு பெட்டியின் மூடியைத் திறந்தாள்.

கால் வாட்டிலிருந்து அதில் பாதியான அரைக்காலுக்கு இறக்கினாள். அரைக்காலிலிருந்து அதிலும் பாதியான வீசத்துக்கு இறக்கினாள். வீசம் வாட்டில் அதுவரை அந்தக் கடலில் எவரும் பேசியதில்லை. படிகம் விலகாமலிருக்க மின்விசிறியைப் பெட்டிப் பக்கம் திருப்பி வைத்தாள். மைக்கை எடுத்தாள். அவள் பேசப்போவது கரையெங்கும் கேட்கும், கொச்சியில் கேட்கும், கொழும்பில் கேட்கும், தேடிக்கொண்டிருந்த கடலோரக் காவல் கப்பலில் கேட்கும்.

“அண்ணே” என்றாள்.

மதலேன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அண்ணே, நான் டெல்பின் பேசுதேன். நீ பதில் சொல்லாண்டாம். சொன்னாலும் எனக்குக் கேக்காது. நான் சொல்லுததை மட்டும் செய்யி. மொதல்ல அந்தப் பூஸ்டரை நிறுத்து. பெட்டியிலேருந்து அதுக்குப் போவுத வயரைக் கழத்து. கம்பத்துக்குப் போவுத வயரை எடுத்து நேரா பெட்டியில மாட்டு. பொறு, கை ஈரமா இருக்கும், தொடைச்சிக்கோ.”

அவள் காத்திருந்தாள். காற்று கூரைத் தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

“இப்போ பொத்தானை ஒண்ணுல வை. செட்டு சூடா இருக்கும், தொட்டுப்பாரு. நல்லாப் பிழிஞ்ச ஈரத்துண்டைப் பின்னால தகட்டுல சுத்து. உள்ள தண்ணி போவாம பாத்துக்கோ. கை வச்சா சுடாத வரைக்கும் மைக்கைத் தொடாத. அதுக்கப்புறம் கம்பத்து வயரோட முனையை ரெண்டு சுத்து தளத்து. முழுசாக் கழத்திராத. போவுத சக்தி வெளிய போவாம திரும்பி வரும். காவக்காரனுக்கு அது தெரியும், செட்டு எரிஞ்சிரக் கூடாதுன்னு அவனே சக்தியைக் கீழ இறக்கிருவான். ஒரு வாட்டுக்கும் கீழ. அப்புறமா பேசு. கத்தாத. எங்கிட்ட மட்டும் சொல்லுத மாதிரி சொல்லு.”

பெட்டியில் இரைச்சல் மட்டும் வந்தது. அவள் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். கால் மணி நேரம் காத்திருந்து மூன்றாவது தடவை சொன்னாள். மணி இரண்டானது, இரண்டரை ஆனது. கடைக்கு வெளியே ஏலக்கூடத்தில் ஊரே கூடி நின்று, ஒருவர் இருமுவதற்கும் மற்றவர் முறைத்தார்கள். நான்காவது தடவையும் சொன்னாள். அவன் செய்யமாட்டான் என்று அவளுக்குத் தோன்றியது. அவனுக்குத் தெரிந்த ஒரே வழி உரக்கச் சொல்வதுதான். கேட்கவில்லை என்றால் இன்னும் உரக்கச் சொல்வான். பூஸ்டரைக் கழற்றுவது என்றால் அவனுக்குத் தன் நாக்கைக் கழற்றுவது மாதிரி.

அப்போது கூட்டம் விலகி இன்னாசி வந்தான். வேப்பமரத்தடியிலிருந்து அப்படியே எழுந்து வந்தவன் போல, வலைபொத்தும் ஊசி இன்னும் கையில் இருந்தது. அவளிடமிருந்து மைக்கை வாங்கினான்.

“மச்சான், இன்னாசி பேசுதேன்” என்றான். அவனுக்குக் குரலைத் தாழ்த்த வேண்டிய தேவையே இருக்கவில்லை. “நீரு இப்ப இருக்கது எனக்குத் தெரியும். மூணு நாள் நானும் அப்படித்தான் பெட்டியைப் பிடிச்சிக்கிட்டு இருந்தேன். மொத நாள் நானும் கத்தினேன். ரெண்டாம் நாள் உம்மைத் திட்டினேன். மூணாம் நாள் நீரு பேச்சை நிறுத்திரக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். ஆளு கொரலு கேக்குத வரைக்கும் உயிரோட இருக்கோம்னு இருந்துச்சு. இதை நான் யார்கிட்டயும் சொல்லல. மச்சான், தங்கச்சி சொல்லுததைச் செய்யும். நாங்க இங்கதான் இருக்கோம். போவ மாட்டோம்.”

டெல்பின் கணவனைப் பார்த்தாள். மூன்றாம் நாளைப் பற்றி அவளுக்கும் அவன் சொன்னதில்லை. அவன் மைக்கை அவள் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். மதலேன் அவனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மணி நாலாக ஐந்து நிமிடம் இருக்கும்போது பெட்டியின் இரைச்சலுக்குள் ஒரு ஓட்டை விழுந்த மாதிரி இருந்தது. அந்த ஓட்டை வழியாக, அதுவரை அந்த ஊரில் யாரும் கேட்டிராத ஒரு சிறிய குரல் வந்தது.

“தங்கச்சி.”

டெல்பினுக்கு முதலில் யாரென்றே தெரியவில்லை.

“தங்கச்சி, கேக்குதா? எட்டுப் பேரும் இருக்கோம். சுக்கான் முறிஞ்சு போச்சு. முன்னால தண்ணி ஏறுது, இறைச்சிக்கிட்டு இருக்கோம். ஜிபிஎஸ்ல ஏழு டிகிரி இருபத்தாறு நிமிசம் வடக்கு, எழுபத்தேழு டிகிரி பதினொண்ணு கிழக்கு. துண்டு சுத்தியிருக்கேன். சூடு இல்ல இப்போ. இன்னாசி அங்க இருக்கானா?”

“இருக்காரு அண்ணே.”

“சரி” என்றது குரல். கொஞ்ச நேரம் கழித்து, “சரி” என்று இன்னொரு முறை சொன்னது.

எண்களை அவள் திருப்பிச் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. கடலோரக் காவல் கப்பல் அவற்றைக் கேட்டிருந்தது, பன்னிரண்டு கடல் மைல் தள்ளியிருந்த அது அப்போதே தலையைத் திருப்பியிருந்தது. கொழும்புப் பக்கத்திலிருந்து இரண்டு படகும், கொச்சியிலிருந்து ஒரு டேங்கர் கப்பலும், தமிழ் தெரியாத எத்தனையோ பெட்டிகளும், கேட்டோம் கேட்டோம் என்று அவரவர் பாஷையில் மெல்லச் சொல்லின. கப்பல் போய்ச் சேரும்வரை டெல்பின் அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தாள். தண்ணீர் எவ்வளவு, பயல்கள் சாப்பிட்டார்களா, மதலேனின் தம்பி என்ன செய்கிறான். இருட்டுவதற்கு முன்னால் எட்டுப் பேரையும் ஏற்றிவிட்டதாகக் கப்பல்காரர்கள் சொன்னார்கள். ஏலக்கூடத்தில் நின்ற ஊர் அப்போது போட்ட சத்தத்தில், பல வாரங்களாக மெல்லப் பேசிப் பேசிச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் போயிற்று. பங்குச்சாமியார் ஓடிப்போய்த் தானே மணியை அடித்தார்.

லாஞ்சைக் கப்பல் கட்டி இழுத்து வந்தது. கஸ்பார் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தான், தோள்பட்டையில் கட்டோடு வீட்டுக்கு வந்தான். அதற்கு மறுநாள் மத்தியானம், சாப்பாட்டு நேரம் கழிந்து, டெல்பின் வீட்டுக்குப் பின்பக்கமாக வந்து வேப்பமரத்தடியில் இன்னாசிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். டெல்பின் சமையலறை வாசலில் நின்று பார்த்தாள்.

“மாப்ள” என்றான். “அந்த மூணு நாளு… நான் என்ன பேசிக்கிட்டிருந்தேன்?”

“எல்லாத்தையும் சொல்லட்டுமா?”

“எல்லாத்தையும் சொல்லு.”

இன்னாசி வலையைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினான். முதல் நாள் காலை கணவாய் படும் இடத்தைச் சொன்னதிலிருந்து, எந்த மணிக்கு யாரிடம் என்ன சொன்னான், எதற்குச் சிரித்தான், எப்போது இருமினான், எல்லாவற்றையும் வரிசை பிசகாமல் சொன்னான். ஆறு வருடத்துக்கு முந்திய பேச்சு அவனுக்குள் அப்படியே இருந்தது. கஸ்பார் ஒரு சொல்லுக்கும் குறுக்கே வராமல் தலையைக் குனிந்து கேட்டான். இரண்டாம் நாள் மாலைக்கு வரும்போது கஸ்பாரின் தோள்கள் குலுங்கின. மூன்றாம் நாள், மாமியார் மருமகனைத் துடைப்பத்தோடு ரயிலடிவரைக்கும் துரத்திய கதைக்கு வந்தபோது, இன்னாசியால் மேலே சொல்ல முடியவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. “அன்னைக்கும் நான் சிரிச்சேன் மச்சான், அந்த வள்ளத்துல ஒத்தையில கிடந்து” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். கஸ்பார் அழுத முகத்தைத் துடைக்காமலே அவனைப் பார்த்தான். டெல்பின் உள்ளே போய் அடுப்பில் மூன்று பேருக்குக் காப்பி வைத்தாள்.

தை பிறந்து பத்தாம் நாள், கஸ்பார் புதுச் சுக்கான் பூட்டி லாஞ்சை இறக்கினான். இன்னாசியிடம் வருகிறாயா என்று கேட்கவில்லை. தென்னை மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, ஆள் ஒன்று குறைகிறது என்று மட்டும் சொன்னான். மறுநாள் விடியற்காலை டெல்பின் எழுந்தபோது இன்னாசி பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, சோற்றுப் பாத்திரத்தைத் தானே கழுவிக்கொண்டிருந்தான். அவள் அதில் சோறும் மீன்குழம்பும் வைத்து மூடிக் கொடுத்தாள்.

அன்று கடையில் அவளுக்கு எந்த வேலையும் ஓடவில்லை. ஒரே பெட்டியை மூன்று தடவை திறந்து மூடினாள். பத்து மணி தாண்டியதும் கரைப்பெட்டி மெதுவாகக் கரகரத்தது.

“டெல்பினு.”

“சொல்லுங்க.”

“ஒண்ணுமில்ல. சும்மாதான் கூப்பிட்டேன்” என்றான் இன்னாசி. பின்னால் இன்ஜின் சத்தமும் யாரோ சிரிப்பதும் கேட்டன. “தண்ணி பச்சையா இருக்கு இங்க. கொழம்புல உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு. ஒங்க அண்ணன் பாதியைத் தின்னுட்டாவ. சாயங்காலம் வந்துருவேன். கேக்குதா?”

அவள் வார்த்தைகளை எண்ணவில்லை.

“நல்லாக் கேக்குது” என்றாள்.